ஐந்தரை மணிக்கு வேண்டாம்

ஜூன் 2
நீரேற்று நிலையம், மதியம் 12.20

சுண்டு,

நீ சொன்னதைக் குறித்துக்கொண்டேன். இனி ஐந்தரை மணிக்குக் கூப்பிட மாட்டேன்.

மாப்பிள்ளை அச்சகத்திலிருந்து திரும்பிப் படுக்கவே நாலரை ஆகிவிடும் என்பதை நானாக யோசித்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் அவரைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்தேன். தூங்கும் நேரத்தை மட்டும் விசாரிக்காமல் விட்டுவிட்டேன். இருபத்தாறு நாள் ஒரு மனிதரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறேன். நான் வருத்தப்பட்டதாக அவரிடம் சொல். நானே சொல்லலாம்தான், அதற்கும் அவரை எழுப்ப வேண்டியிருக்கும்.

வேறு நேரம் கிடைக்குமா என்று பார்த்தேன். ஒரு தாளில் கோடு போட்டு நம் மூன்று பேருடைய நேரத்தையும் எழுதினேன். எனக்கு ஞாயிறு தவிர விடியற்காலை நாலிலிருந்து மதியம் பன்னிரண்டு வரை பம்பு. ஐந்து மணிக்கு ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, அழுத்தம் ஒரு நிலைக்கு வந்ததும் பத்து நிமிடம் ஓய்வு கிடைக்கும். அதுதான் அந்த ஐந்தரை. உனக்குப் புதுப் பல் கிளினிக்கில் பத்திலிருந்து ஏழு வரை வேலை. நீ வீடு சேர்ந்து சாப்பிட்டு முடிக்கும்போது நான் படுத்திருப்பேன். மூன்று பேருக்கும் காலியாக இருப்பது ஞாயிறு மாலை நாலிலிருந்து ஐந்து வரை மட்டும். புதிதாகக் கல்யாணமானவர்கள் அந்த நேரத்தில் வெளியே போவார்கள். ஆகவே அதையும் அடித்துவிட்டேன்.

போனில் எழுத்து அனுப்பச் சொல்கிறாய். அந்தப் பொத்தான்களோடு எனக்கு ஒத்துவராது. உன்னிடம் பேசியதைவிடப் பேனாவில் எழுதியதுதான் எனக்கு அதிகம். அதனால் இந்தக் கடிதம்.

பம்பு இரண்டில் ஒரு சத்தம் இருக்கிறது. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

அப்பா


ஜூன் 8

அன்புள்ள அப்பா,

நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "அஞ்சரைக்கு வேண்டாமேப்பா, கொஞ்சம் லேட்டா கூப்பிடுங்களேன்." அதில் இரண்டாவது பாதியை யார் சாப்பிட்டார்கள்? முதல் பாதியை மட்டும் எடுத்துச் சுற்றறிக்கை ஆக்கி, கோடு போட்டு, என் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து அடித்துவிட்டீர்கள். ஞாயிறு நாலு மணிக்கு நாங்கள் எங்கேயும் போவதில்லை. துணி மடிக்கிறோம்.

ஆனால் கடிதம் வந்தது நன்றாக இருந்தது. போனில் நீங்கள் எனக்குத் தெரியாத யாரோ ஒருவர் மாதிரி இருக்கிறீர்கள். "சரி. வேற என்ன? சரி. வேற என்ன?" நாற்பது விநாடி. பிறகு "வச்சிடட்டுமா?" நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். நமக்குப் பேசிப் பழக்கமில்லை. ஆறு வருஷம் நான் கிளம்பிய பிறகு நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள், நீங்கள் படுத்த பிறகு நான் வந்தேன். நடுவில் இருந்தது பிரிட்ஜ் மேல் பம்பு ஹவுஸ் பதிவேடு. நேரம், அழுத்தம், குறிப்பு என்று மூன்று கட்டம். "நேரம் 12.40. அழுத்தம் சீர். குறிப்பு: ரொட்டி மூடி வைத்திருக்கிறேன், எறும்பு வந்தால் தட்டைத் தண்ணீரில் வை." நான் அழுத்தக் கட்டத்தில் என் மேனேஜர் பெயரை எழுதுவேன். அவ்வளவும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் படுப்பேன். இப்போது யாரிடம் சொல்வது என்று கை தேடுகிறது.

இந்த வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள், போனில், மே மாதத்தில். அப்போது "நல்லா இருக்குப்பா" என்றேன். இப்போது சரியாகச் சொல்கிறேன். மூன்றாவது மாடி, ஐம்பத்து நாலு படி. இரண்டு அறை. நடுச்சுவர் அட்டை மாதிரி, இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் "என்ன?" என்று கேட்கும். தெருவைப் பார்த்து ஒரு பால்கனி, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் உள்ளே போக வேண்டும். கீழே வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் பொதுக் குழாய் ஒன்று ஓயாமல் சொட்டுகிறது. நீங்கள் பார்த்தால் யாரையாவது திட்டுவீர்கள்.

இன்னொன்று. அவரும் நானும் பார்த்துக்கொள்வதே குறைவாக இருக்கிறது. அதனால் போன வாரம் ஒரு நோட்டு வாங்கி பிரிட்ஜ் மேல் வைத்தேன். முதல் நாள் அவர் எழுதியது: "பால் தீர்ந்தது. நீ தூங்கும்போது முறைக்கிறாய்."

எப்போது வருகிறீர்கள்? என் அறை எப்படி இருக்கிறது?

சுண்டு


ஜூன் 20
மதியம் 1.10

சுண்டு,

கடிதம் கிடைத்தது. உன் அறை அப்படியே இருக்கிறது.

இப்போது வர முடியாது. பம்பு இரண்டில் பேரிங் போய்விட்டது. ஒற்றைப் பம்பில் ஊரை ஓட்டுகிறோம். எனக்கு அடுத்த ஷிப்டுக்கு வருகிற, எல்லாரும் மீட்டர் என்று கூப்பிடுகிற ஆளை உனக்கு நினைவிருக்கும், எதைக் கண்டாலும் டேப்பை நீட்டி அளப்பவர். அவர் கேட்டார்.

"பொண்ணு வீட்டுக்கு இன்னும் போகலையா?"

"போகணும்."

"எப்போ?"

"பம்பு சரியாகட்டும்."

"பம்பு எந்தக் காலத்துலய்யா சரியா இருந்துச்சு?"

சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

குழாய் சொட்டுவதை அங்கே யாரிடமாவது சொல்லி நிறுத்தச் சொல். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு இருபது லிட்டர் சாக்கடைக்குப் போகும்.

நீ புது நோட்டு வைத்தது நல்லது.

இங்கே பதிவேடு இன்னும் பிரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் கை அங்கே போய்விடுகிறது. கடைசியாக உன் கையெழுத்து: "நாளைக்குக் கல்யாணம். மறக்காமல் எழுப்பிவிடவும்." அதற்குக் கீழே நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

அப்பா


ஜூலை 3

அப்பா,

நேற்று இரண்டு அட்டைப்பெட்டிகள் வந்தன. அவர் ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு ஐம்பத்து நாலு படியும் இரண்டு முறை ஏறினார். "உள்ள என்ன, செங்கல்லா?" என்று கேட்டார். பிரித்தேன்.

என் புத்தகங்கள் எல்லாம். பள்ளிச் சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறையில். ஜியோமெட்ரி பாக்ஸ். ஜோடி தொலைந்துபோன ஒற்றைத் தோடு. ஏழாம் வகுப்பில் நான் உடைத்த அடிஸ்கேல், இரண்டு துண்டும், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி. நான் எதையாவது கேட்டேனா?

என் அறை அப்படியே இருக்கிறது என்று பதின்மூன்று நாளுக்கு முன்பு எழுதினீர்கள். அப்படியானால் அலமாரியில் இப்போது என்ன இருக்கிறது? நீங்கள் எனக்குப் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்போதுகூட நீங்கள் "சரியாயிடும்" என்று சொல்லவில்லை. "தெரியல, சுண்டு" என்றுதான் சொன்னீர்கள். அதனால்தான் உங்களை நம்பினேன்.

அவர் என்னைத் தேற்றப் பார்த்தார். "வீட்டுலேர்ந்து சாமான் வந்தா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. நீ ஏன் அழற?" அவருக்கு எப்படிச் சொல்வது? சாமான் வரவில்லை. நானே இரண்டு பெட்டியில் வந்து சேர்ந்திருக்கிறேன், திருப்பி அனுப்பிய மாதிரி.

ஐந்தரைக்கு வேண்டாம் என்று சொன்னதற்கா இது? அப்படியென்றால் நேராகத் திட்டிவிடுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

பம்பு, பேரிங் ஒன்றும் எழுத வேண்டாம். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அந்த வீட்டில் எனக்கு இன்னும் இடம் இருக்கிறதா, இல்லையா?

மகள்


ஜூலை 24

அப்பா,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. இரண்டு ஞாயிறு நானே கூப்பிட்டேன். முதல் முறை "வேற என்ன?" இரண்டாவது முறை மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது போன ஞாயிறு, மாலை ஆறு மணிக்கு. நீங்கள் ஏன் எடுக்கவில்லை என்று எனக்கு இன்று காலையில்தான் தெரிந்தது.

வாட்ச்மேன் ஒரு வாரம் லீவில் இருந்தார். திங்கட்கிழமை நான் படி இறங்கியபோது என்னவோ குறைவதாகத் தோன்றியது. நின்று பார்த்தேன். குழாய் சொட்டவில்லை. இன்றுதான் வாட்ச்மேன் திரும்பி வந்திருந்தார்.

"யார் சரி பண்ணது?" என்று கேட்டேன்.

"போன ஞாயித்துக்கிழமைம்மா. வாட்டர் ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு. எதிர்ப்பக்கம் ரொம்ப நேரமா நின்னுட்டு இருந்தாரு, அப்புறம் நேரா வந்து பைப்புல கைய வச்சாரு. 'எத்தனை நாளா இப்படி விட்டு வச்சிருக்கீங்க? மனசாட்சி வேண்டாம்?'னு ஒரே அதட்டு. நான் எழுந்து நின்னுட்டேன்."

"பேர் கேட்டீங்களா?"

"கேட்டேனே. 'பேர் எதுக்கு, தண்ணி நின்னுச்சா இல்லையா'ன்னாரு. போகும்போது ஒரு பை ஆப்பிள் குடுத்துட்டுப் போனாரு. ஆபீஸ் ஆளுங்க நம்மகிட்ட வாங்கிட்டுத்தான் போவாங்க. இவரு குடுத்துட்டுப் போறாரு. நல்ல மனுஷன், கொஞ்சம் கோவக்காரர்."

குனிந்து பார்த்தேன். நட்டின் தலையிலிருந்து குழாய் வரைக்கும் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. இறுக்கிய பிறகு கோடு போடுவது, பின்னால் நட்டு அசைந்திருந்தால் கோடு விலகிக் காட்டிக் கொடுக்கும் என்பது. உலகத்தில் எத்தனை பேர் அப்படிச் செய்வார்களோ தெரியாது. எனக்கு ஒருவரைத்தான் தெரியும். நம் வீட்டு கேஸ் அடுப்பு, சைக்கிள், என் நாற்காலி, எல்லாவற்றிலும் அந்தக் கோட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். கிளினிக்குக்கு அரை மணி நேரம் லேட்.

ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்தீர்கள். என் வீட்டுக்குக் கீழே வந்தீர்கள். மேலே நான் இருந்தேன். ஐம்பத்து நாலு படி உங்களுக்கு ஏற முடியாமல் போனதா? தினமும் தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறுகிறீர்களே.

அவரிடம் சொன்னேன். "மாமா வந்தாரா? வந்துட்டுப் போயிட்டாரா? நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?" என்று கேட்டார். அவர் உங்களிடம் மொத்தமாகப் பேசியது இருபது வார்த்தை இருக்கும். அதில் எது தப்பு என்று வேலைக்குக் கிளம்பும் வரை யோசித்துக்கொண்டிருந்தார். பாவம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழாயைச் சரி செய்யச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தச் சொட்டு காதில் விழும். "இருபது லிட்டர் சாக்கடைக்குப் போகுது பார்" என்று நீங்கள் திட்டுவது கேட்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை உங்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். நீங்களே வந்து அதையும் நிறுத்திவிட்டுப் போய்விட்டீர்கள்.

இப்போது கீழே ஒரே அமைதி.

சுண்டு


ஆகஸ்ட் 1
ஞாயிறு, காலை 9.00, வீடு

சுண்டு,

நான் பொய் சொன்னது உண்மை. வரிசையாக எழுதுகிறேன். இடையில் நிறுத்தினால் மறுபடி எழுத மாட்டேன்.

நாம் இருக்கும் குடியிருப்பு குடும்பம் உள்ளவர்களுக்கு. குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் போய்விட்டால் பட்டியலிலிருந்து பெயரை நீக்கி எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றவர் ஒற்றை அறைக்கு மாற வேண்டும். இது எனக்கு முன்பே தெரியும். உன் கல்யாணத்துக்குச் சொல்லும்போதே குடியிருப்பு அலுவலர் கையைக் குலுக்கிவிட்டு, "அப்போ அந்தப் படிவத்தையும் குடுத்துடுங்க" என்றார். கடைசித் தேதி ஆகஸ்ட் 31. படிவத்தில் நீங்குபவர் தன் கையால் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜூன் முழுக்க அது என் சட்டைப் பையில் இருந்தது. ஒற்றை அறையில் உன் அலமாரி நிற்காது. பத்துக்குப் பன்னிரண்டு. அதனால் புத்தகங்களை அனுப்பினேன். பெயரை நீக்குவதற்கு முன்பு பொருளை அனுப்பிவிட்டால் எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். வால்வை ஒரேயடியாக மூடக் கூடாது, குழாய் அதிரும். கொஞ்சம் கொஞ்சமாக மூட வேண்டும் என்பது என் வேலையில் முதல் பாடம். அதைத் தப்பான இடத்தில் செய்துவிட்டேன். அந்த அடிஸ்கேலைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

உன் ஜூலைக் கடிதம் வந்தது. இடம் இருக்கிறதா, இல்லையா என்று கேட்டிருந்தாய். இல்லை என்று நானே கையெழுத்துப் போடும் தாளைப் பையில் வைத்துக்கொண்டு உனக்கு என்ன பதில் எழுதுவது? நேரில் சொல்லலாம் என்று கிளம்பினேன். கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று மீட்டர் சொன்னதால் ஆப்பிள். அந்த ஞாயிறு நாலு மணி இடைவெளிக்குச் சரியாக வந்து சேர்ந்தேன்.

எதிர்ப் பக்கம் ஒரு சைக்கிள் கடை மூடியிருந்தது. அங்கே நின்று மேலே பார்த்தேன். நீயும் மாப்பிள்ளையும் பால்கனியில் நின்று படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தீர்கள். தெரு வரைக்கும் உன் குரல் கேட்டது. "மூலையப் பிடிங்க, மூலைய. நடுவுல பிடிச்சா எப்படி?"

அந்த மூலையைப் பதினைந்து வருஷம் பிடித்தவன் நான். உன் அம்மா போன பிறகு முதல் ஞாயிறு, விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்று நீதான் என்னைக் கூப்பிட்டாய். உன் கை எட்டவில்லை, நாற்காலி மேல் ஏறி நின்றாய். அப்போதிலிருந்து இதே அதட்டு. எனக்கும் மூலையைப் பிடிக்க வரவே இல்லை. உனக்குத் தெரியாது, கடைசி எட்டொன்பது வருஷம் நான் வேண்டுமென்றேதான் நடுவில் பிடித்தேன்.

உன் நோட்டைப் பற்றி நீ எழுதிய வரியும் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. "நல்லது" என்று எழுதினேன். நாலு முறை படித்த பிறகு எழுதியது அது.

மகள் வீட்டுக்கு முதல் முறை போகிறவன், உன் பெயரை அடிக்கச் சொல்லி ஒரு தாளை நீட்டுவதா என்று தோன்றியது. நீ நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாய். படி வரைக்கும் வந்தேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த வேலை அதுதான், அதைச் செய்தேன். பையில் ஸ்பேனர் எதற்கு என்று கேட்காதே, அது எப்போதும் இருக்கும். உன் போன் வந்தபோது பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். எடுத்தால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும்.

மாப்பிள்ளை ஒன்றும் தப்பாகப் பேசவில்லை என்று சொல். அந்த இருபது வார்த்தையும் நல்ல வார்த்தைதான்.

கீழே அமைதியாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். அதைச் சரி செய்ய எனக்குத் தெரியவில்லை.

அப்பா


ஆகஸ்ட் 7

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைக் கிளினிக்கில் வைத்துப் படித்தேன். பல் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, பஞ்சைக் கடித்த வாயோடு, "உனக்கும் பிடுங்கிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

நீங்கள் மூலையை வேண்டுமென்றே விட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். பதினாறு வயதிலேயே தெரியும். வால்வு மரை மேல் டேப்பை மயிரிழை பிசகாமல் சுற்றுகிறவருக்கு ஒரு விரிப்பின் மூலை தெரியாமல் போகுமா? திட்டு வாங்குவது பிடித்திருக்கிறது போல என்று விட்டுவிட்டேன். உங்கள் மாப்பிள்ளைக்கு உண்மையாகவே தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள்.

நானும் ஒன்று மறைத்தேன். ஐந்தரைக்கு வேண்டாம் என்று சொன்ன மறுநாளும் ஐந்தே காலுக்கு விழித்துக்கொண்டேன். அதற்கு மறுநாளும். போன் அடிக்காது என்று தெரிந்தே கையில் வைத்துக்கொண்டு பால்கனியில் நிற்பேன். அவர் கண் சிவந்து போவதைப் பார்த்துத்தான் உங்களிடம் அப்படிச் சொன்னேன். ஒரு வீட்டில் தூங்குகிறவருக்காக இன்னொரு வீட்டில் விழித்திருப்பவரை அனுப்பிவிட்டேன். அது கல்யாணத்தில் சேர்ந்ததா என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இப்போதும் ஐந்தே காலுக்கு விழிப்பு வருகிறது. என்ன செய்வது என்று தெரியாமல் தரையைத் துடைக்கிறேன். வீடு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது.

ஒற்றை அறை என்பதை ஜூன் மாதமே சொல்லியிருந்தால் என்ன? பத்துக்குப் பன்னிரண்டு எனக்குப் போதும். கிளினிக்கில் நான் உட்காருகிற இடம் அதைவிடச் சின்னது.

படிவத்தை அனுப்புங்கள். என் பெயரை நானே அடித்துக்கொள்கிறேன். நீங்கள் அடிக்க வேண்டாம்.

சுண்டு


ஆகஸ்ட் 14
மதியம் 12.50

சுண்டு,

படிவம் இதோடு இருக்கிறது. என் பக்கம் எல்லாம் நிரப்பிவிட்டேன். ஆறாவது கட்டத்தில் "நீங்குவதற்கான காரணம்" என்று இருக்கிறது. ஒரே வார்த்தைதான் எழுத வேண்டும். மூன்று நாள் பேனாவை எடுத்தேன், வைத்தேன். நீயே எழுது.

எனக்கு நாலாம் எண் அறை கிடைத்திருக்கிறது. ஜன்னல் தொட்டியைப் பார்த்து இருக்கிறது. மீட்டர் வந்து அளந்தார். "கட்டில் போட்டது போக ஏழடிக்கு மூணடி மிச்சம். என்ன போடப் போறீங்க?" என்றார். "ஒண்ணும் போடல, அப்படியே இருக்கட்டும்" என்றேன். "வெறும் எடத்த வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" என்றார். அவருக்கு மகள் இல்லை.

பம்பு இரண்டு ஓடுகிறது.

தபால் போய்ச் சேர நாலைந்து நாள் ஆகிறது. தாமதிக்காதே.

அப்பா


ஆகஸ்ட் 21

அன்புள்ள அப்பா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். போடும்போது அவர் பக்கத்தில் நின்றார். கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்டபோதுகூட நான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு, அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நல்லவர்தான் அப்பா. விரிப்பு மடிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

இப்போதே தபாலில் போட்டால் 31க்கு முன்பு வந்து சேர்ந்துவிடும். நான் போடப் போவதில்லை. படிவம் எங்கள் பிரிட்ஜ் மேல், நோட்டுக்குள் இருக்கிறது. உங்களுக்குத்தான் அவசரம், நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும் சனிக்கிழமை ஷிப்டு முடித்த கையோடு மதியப் பஸ்ஸில் ஏறினால் எட்டு மணிக்கு இங்கே. ஞாயிறு இருந்துவிட்டுத் திங்கள் போகலாம். மீட்டர் உங்கள் ஷிப்டைப் பார்த்துக்கொள்வார். கேட்டாயா என்கிறீர்களா? கேட்டுவிட்டேன். "அப்பாடா, மறுபடியும் போறாரா? ரெண்டு ஷிப்டும் நானே பாத்துக்கறேன்" என்றார்.

மேலே ஏறி வர ஒரு காரணம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. சமையலறைக் குழாயைத் திறந்து வாஷரை நானே கழற்றிவிட்டேன். நன்றாகச் சொட்டுகிறது. அடியில் பாத்திரம் வைத்திருக்கிறேன், அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிறேன், சாக்கடைக்குப் போகவில்லை. அவர் கொஞ்ச நேரம் என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க அப்பாவ வரவழைக்க வீட்ட முழுகடிக்கணுமா?"

"சொட்டுதான். முழுகாது."

"பிளம்பரக் கூப்பிடட்டா?"

"தொட்டீங்கன்னா தெரியும்."

அதற்குப் பிறகு அவர் அந்தக் குழாய்ப் பக்கமே போகவில்லை. நோட்டில் மட்டும் எழுதியிருந்தார்: "மாமா வர்றாரா? எனக்கும் பழகிடுச்சு, அஞ்சரைக்குத் தானா முழிப்பு வருது."

ஆப்பிள் வாங்க வேண்டாம். வாட்ச்மேன் இப்போதும் உங்களை வாட்டர் ஆபீஸ் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை. நீங்கள் வந்து திருத்துங்கள்.

சுண்டு


ஆகஸ்ட் 29, ஞாயிறு
(உங்கள் நோட்டில் எழுதுகிறேன். கட்டம் இல்லாததால் நானே கோடு போட்டுக்கொண்டேன்.)

நேரம் 5.30. அழுத்தம் சீர்.

சுண்டு,

பழக்கத்தில் மூன்றரைக்கு விழிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை நாலு பத்துக்கு வந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி நடந்தார். நான் முழித்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார். பிறகு இரண்டு பேரும் டீ குடித்தோம். அவர் பதினைந்து வார்த்தை பேசினார், நான் பத்து. இப்போது தூங்குகிறார். சுவர் நீ சொன்னதைவிட மோசம். மூச்சு விடக்கூடப் பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

குழாய் சரி. புது வாஷர் போட்டிருக்கிறேன், கோடும் போட்டாகிவிட்டது. வாஷரைக் கழற்றத் தெரிந்த உனக்கு மெயின் வால்வை மூடத் தெரியவில்லை. உன்னை எழுப்பித் திட்டலாம் என்று அறை வாசல் வரைக்கும் வந்தேன். நீ முறைத்துக்கொண்டு தூங்கினாய். மாப்பிள்ளை எழுதியது சரிதான். திட்டு பாக்கி இருக்கிறது.

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஆறாவது கட்டத்தில் "திருமணம்" என்று எழுதியிருக்கிறாய். அழகான கையெழுத்து. அதற்குக் கீழே குறிப்பில் நீ எழுதியிருப்பதையும் படித்தேன். "மேற்படி நபர் விடுமுறை நாட்களில் வந்து தங்குவார். ஏழடிக்கு மூன்றடி போதுமானது. தலையணை ஒன்று வைத்திருக்கவும்." அலுவலர் இதை ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. கேட்டால், வரைமுறைப்படிதான் எழுதியிருக்கிறது என்று சொல்லப்போகிறேன். தலையணை இன்றைக்கு இங்கேயே வாங்கிவிடலாம். எந்த உயரம் என்று நீ வந்து சொல்.

நம் பதிவேட்டைப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். "நாளைக்குக் கல்யாணம், மறக்காமல் எழுப்பிவிடவும்" என்று இருந்ததே, அதற்குக் கீழே நேற்று பஸ்ஸில் எழுதிவிட்டேன். "எழுப்பியாயிற்று." எழுத்து கொஞ்சம் ஆடியிருக்கும். சாலை சரியில்லை.

துவைத்த விரிப்பு கொடியில் காய்ந்துவிட்டது. மடிக்கவில்லை. அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

செருப்பைக் காணோம் என்று பயப்படாதே. நான் போய்விடவில்லை. கீழே வாட்ச்மேனிடம் நான் யார் என்று சொல்லப் போயிருக்கிறேன். ஐந்தே காலுக்கு நீ விழிப்பாய் என்று எழுதியிருந்தாய். ஐந்தரை தாண்டியும் தூங்குகிறாய். தூங்கு.

எழுந்ததும் பால்கனியிலிருந்து கூப்பிடு. எந்த நேரமானாலும் கூப்பிடலாம்.

அப்பா